வாய் தவறினால் வாய்ப்பு போய்விடுமா? அமெரிக்க பிரைமரி சறுக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருடத்துக்கு ஒரு முறை அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் அதே பழைய காணொளிகள் மறுபடி சுற்றி வருகின்றன. மேடையில் துறையின் பெயர் மறந்து திணறும் ஆளுநர், தொண்டர்கள் முன் கத்தும் டாக்டர், ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் செனட்டர். கீழே ஒரு வரி இருக்கும்: "இதனால்தான் இவர் தோற்றார்." அந்த ஒரு வரி பல நேரம் தப்பு, சில நேரம் பாதி சரி. இந்த விஷயத்தைப் பல வருடமாகப் பின்தொடர்கிறேன், அடிக்கடி வரும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பொதுத்தேர்தலில் உளறுவதைவிட பிரைமரியில் உளறுவது ஆபத்து என்கிறார்களே, ஏன்?

பிரைமரி என்பது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். குடியரசுக் கட்சி சார்பில் யார் நிற்பது, ஜனநாயகக் கட்சி சார்பில் யார் நிற்பது என்று அந்தந்தக் கட்சி வாக்காளர்களே மாநிலம் மாநிலமாகத் தீர்மானிப்பார்கள். நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் நம் ஆள் உளறினாலும் எதிர்க்கட்சிக்குப் போய் ஓட்டுப் போடப் பெரும்பாலானவர்களுக்கு மனசு வராது. பிரைமரியில் அந்தத் தயக்கமே கிடையாது. பக்கத்தில் நிற்பவரும் அதே கட்சி, ஏறக்குறைய அதே கொள்கை, அதனால் ஆளை மாற்றுவது சுலபம்.

இரண்டாவது காரணம் நாட்காட்டி. எல்லா மாநிலமும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. பல காலமாக அயோவா காக்கஸ் (கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) முதலில், ஒரு வாரம் தள்ளி நியூ ஹாம்ப்ஷயர், அப்புறம் மற்றவை என்றுதான் போய்க்கொண்டிருந்தது. (2024-ல் ஜனநாயகக் கட்சி இந்த வரிசையை மாற்றி தென் கரோலினாவை முன்னால் கொண்டு வந்தது.) முதல் இரண்டு மாநிலங்களும் சின்னவை, ஆனால் அங்கே கிடைக்கும் முடிவைப் பார்த்துத்தான் அடுத்த மாநிலத்துக்காரர்களும் பணம் கொடுப்பவர்களும் மனசை மாற்றிக்கொள்கிறார்கள். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் நடக்கும் ஒரு தடுமாற்றமும் ஆறு மாதம் முன்னால் நடக்கும் அதே தடுமாற்றமும் ஒன்றாகாது.

ரிக் பெர்ரி அந்த ஒரு "ஊப்ஸ்" சொன்னதால்தானே போனார்?

இல்லை. எனக்கு இது முக்கியமான உதாரணம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2011 நவம்பர் 9, மிச்சிகனில் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் விவாதம். டெக்சாஸ் ஆளுநர் பெர்ரி, தான் அதிபரானால் மூன்று துறைகளை மூடிவிடுவேன் என்று ஆரம்பித்தார். வணிகத் துறை, கல்வித் துறை என்று இரண்டைச் சொன்னார், மூன்றாவது வரவில்லை. மேடையிலிருந்தவர்கள் எடுத்துக்கொடுத்துப் பார்த்தார்கள், நடத்துனரும் கேட்டுப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு நிமிடம் தவித்துவிட்டு, மூன்றாவது ஞாபகம் வரவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லி "ஊப்ஸ்" என்று முடித்தார். அது எரிசக்தித் துறை. பார்க்கவே மனசு சங்கடப்படும், ஒரு மனிதன் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் நினைவு தப்பி நிற்பது சிரிக்கிற விஷயமாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். பெர்ரி களத்தில் இறங்கியது ஆகஸ்ட் 13. இறங்கிய கொஞ்ச நாளிலேயே கருத்துக்கணிப்புகளில் முதலிடம். செப்டம்பர் விவாதங்களில்தான் சரிவு தொடங்கியது. குறிப்பாக செப்டம்பர் 22 அன்று ஆர்லாண்டோவில், ஆவணமில்லாமல் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் டெக்சாஸ் கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணமே (அந்த மாநிலத்தவர் கட்டும் குறைந்த கட்டணம்) வாங்கும் சட்டத்தை அவர் ஆதரித்துப் பேசினார், இதை எதிர்ப்பவர்களுக்கு இதயமே இல்லை என்கிற பொருளில் ஒரு வார்த்தையும் விட்டார். அது அவருடைய சொந்தக் கட்சி வாக்காளர்களின் முகத்தில் அறைந்த மாதிரி. இரண்டே நாளில் ஃப்ளோரிடாவில் நடந்த கட்சி மாதிரி வாக்கெடுப்பில் சக போட்டியாளர் ஹெர்மன் கெய்ன் அவரை முந்தினார். "ஊப்ஸ்" வருவதற்குள் பெர்ரி கருத்துக்கணிப்புகளில் ரொம்பக் கீழே போய்விட்டிருந்தார்.

அப்படியென்றால் அந்த ஒரு நிமிடம் என்ன செய்தது? மீண்டு வரும் வழியை அடைத்தது. கையில் பணம் இருந்தது, அயோவாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது, அந்தச் சுற்றில் யார் வேண்டுமானாலும் மேலே வரலாம் என்ற நிலைதான் இருந்தது. நியூட் கிங்ரிச்சை எடுத்துக்கொள்ளுங்கள், 2011 ஜூனில் அவருடைய பிரச்சாரக் குழுவின் மூத்தவர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தும் 2012 ஜனவரி 21-ல் தென் கரோலினாவை ஜெயித்தார். பெர்ரிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. விவாதத்தில் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு அவரே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அயோவாவில் ஐந்தாமிடம், ஜனவரி 19-ல் விலகல்.

ஹோவர்ட் டீன் கத்தியது?

இதில்தான் ஜனங்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். டாக்டரும் வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநருமான டீன் கத்தியது தோற்ற பிறகு!

2004 ஜனவரி 19, ஜனநாயகக் கட்சியின் அயோவா காக்கஸ் முடிவு வந்துவிட்டது: ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18. ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், இணையம் வழியாகச் சின்னச் சின்ன நன்கொடைகளைத் திரட்டி அந்தக் காலத்தில் புது வழி காட்டியவர், மூன்றாமிடத்துக்குப் போய்விட்டார். அன்று இரவு சோர்ந்து போயிருந்த இளைஞர் கூட்டத்தைத் தேற்றுவதற்காக, அடுத்து இந்த மாநிலம், அப்புறம் அந்த மாநிலம் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போய் கடைசியில் ஒரு கத்தல். அரங்கமே இரைச்சலில் இருந்ததால் அங்கே இருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் கையில் இருந்த மைக் சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டி, பேசுபவர் குரலை மட்டும் எடுக்கும் வகை. டிவியில் கேட்டவர்களுக்கு அமைதியான அறையில் ஒருவர் தனியாக வெறி பிடித்துக் கத்துவது போல இருந்தது. அடுத்த சில நாட்களில் அமெரிக்க சேனல்கள் அதை அறுநூறு தடவைக்கு மேல் ஒளிபரப்பின.

எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் கெர்ரி 38, டீன் 26. ஜனவரி தொடக்கத்தில் அங்கே முன்னணியில் இருந்தவர் டீன். கத்தல் இல்லாவிட்டால் ஜெயித்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை, ஏனென்றால் அயோவாவில் ஜெயித்தவர் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஏறுவது அப்போது புதிதல்ல. ஆனால் தோல்விக்குப் பிறகு மறுபடி பேசிப் பார்க்கும் ஒரு வாரத்தை அந்தக் காணொளி தின்றுவிட்டது. ஒரு தொழில்நுட்பக் கோளாறு மாதிரியான விஷயத்தை ஒரு மனிதனின் மனநிலைக்குச் சான்றிதழாகக் காட்டியது நியாயமே இல்லை, இருபது வருடத்துக்கு மேலாகியும் அது என்னை உறுத்துகிறது.

அப்போ சறுக்கல் எதையுமே மாற்றுவதில்லையா?

மாற்றும். குடியரசுக் கட்சியின் ஃப்ளோரிடா செனட்டர் மார்கோ ரூபியோவைப் பாருங்கள்.

2016 பிப்ரவரி 1, அயோவாவில் டெட் குரூஸ் முதலிடம், டிரம்ப் இரண்டாமிடம், ரூபியோ 23 சதவீதத்தோடு மூன்றாமிடம், அதுவும் டிரம்பை ஒட்டி. டிரம்பை எதிர்த்த கட்சிக்காரர்கள் எல்லாம் ரூபியோ பின்னால் திரள ஆரம்பித்த நேரம். பிப்ரவரி 6 சனிக்கிழமை நியூ ஹாம்ப்ஷயரில் விவாதம். நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, ரூபியோ மனப்பாடம் செய்த 25 வினாடிப் பேச்சைத்தான் ஒப்பிக்கிறார் என்று குற்றம் சாட்டினார். ரூபியோ பதில் சொன்னார், எப்படி? "ஒபாமாவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது என்கிற கட்டுக்கதையை விட்டொழிப்போம்" என்று ஏற்கெனவே சொன்ன அதே வரிகளையே மறுபடி சொன்னார். இதோ பாருங்கள், அதே பேச்சு என்று கிறிஸ்டி கை நீட்டினார். ரூபியோ இன்னொரு முறையும் அதையே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டு. டிரம்ப் 35, ஜான் கேசிக் 16, பிறகு குரூஸ், ஜெப் புஷ், ரூபியோ ஐந்தாமிடம், ஏறக்குறைய 10.5 சதவீதம். அன்றிரவே, சனிக்கிழமை நான் சரியாகச் செய்யவில்லை, இனி அப்படி நடக்காது என்று ஆதரவாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

இங்கே பார்க்க வேண்டியது ரூபியோவை மட்டுமல்ல. அவர் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம் வந்திருந்தால் கேசிக்குக்கும் புஷ்ஷுக்கும் களத்தில் நிற்கக் காரணமே குறைந்திருக்கும். அவர் ஐந்தாமிடத்துக்குப் போனதால் எல்லோருக்கும் "நான்தான் மாற்று" என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்தது, டிரம்புக்கு எதிரான ஓட்டு துண்டு துண்டானது. தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான ஓட்டு, ஆனால் அந்த மாநில விதிப்படி 50 பிரதிநிதிகளும் (கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்பவர்கள்) அவருக்கே போனார்கள். கேசிக் மே மாதம் வரை நின்றார். ஒருவருடைய சறுக்கல் இன்னொருவரைக் களத்தில் தங்க வைக்கும், அதனால் மூன்றாவது ஆள் ஜெயிப்பார். சறுக்கியவரோடு கணக்கை முடித்துக்கொள்கிற அலசல்களில் இந்த மூன்றாவது ஆள் தவறிப்போகிறார். கிறிஸ்டிக்கும் இதில் எதுவும் கிடைக்கவில்லை, ஆறாமிடம் வந்து மறுநாளே விலகினார்.

டிரம்ப் எவ்வளவோ பேசினார், அவர் மட்டும் எப்படித் தப்பினார்?

2015 ஜூலை 18, அயோவாவின் ஏம்ஸ் நகரில், வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்த ஜான் மெக்கெய்னைப் பற்றி, பிடிபடாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும் என்றார். அவர் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. முடியவில்லை, கருத்துக்கணிப்புகளில் முதலிடமும் போகவில்லை.

சறுக்கல் வேட்பாளரைக் கொல்வது, அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதற்கு அது நேர் எதிராக இருக்கும்போது. ரூபியோ தன்னைத் துடிப்பான, சமயோசிதமான இளைஞராகக் காட்டிக்கொண்டார், அதனால் கிளிப்பிள்ளை என்ற பட்டம் அவரை உடைத்தது. டிரம்ப் தன்னை மரியாதைக்குரியவராக விற்கவே இல்லை. கட்சி மேலிடத்தை மதிக்காதவர் என்பதற்காகவே அவரிடம் வந்தவர்களுக்கு, கட்சியின் 2008 அதிபர் வேட்பாளரை அவர் ஏசியது குறையாகவே படவில்லை. அதோடு பெரிய போட்டியாளர்களே 17 பேர், அடுத்த சர்ச்சை வந்து முந்தையதை அமுக்கிவிடும், அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. சிறைப்பட்டு சித்திரவதைப்பட்ட ஒருவரை அப்படிப் பேசியதற்கு ஒரு விலை இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்வதும் சறுக்கலா?

சில நேரம் ஆமாம். அரசியல்வாதி தவறுதலாக உண்மையைச் சொல்லிவிட்டால் அதுதான் உளறல் என்று மைக்கேல் கின்ஸ்லி என்ற பத்திரிகையாளர் சொன்னது அங்கே ரொம்பப் பிரபலம். 1967 ஆகஸ்ட் 31 அன்று மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி (பிற்பாடு போட்டியிட்ட மிட் ராம்னியின் அப்பா) ஒரு டிவி பேட்டியில், வியட்நாம் போனபோது தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் தன்னை "மூளைச்சலவை" செய்துவிட்டார்கள் என்றார். போர் நன்றாகப் போகிறது என்று அதிகாரிகள் காட்டிய சித்திரம் பொய் என்பது அப்புறம் நாட்டுக்கே தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் கேட்டவர்களுக்கு மனதில் நின்றது, இவ்வளவு சுலபமாக ஏமாறுபவரா அதிபர் என்ற கேள்விதான். 1968 பிப்ரவரி 28 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஒதுங்கினார்.

ஜெயித்தும் தோற்றவர் உண்டா?

எட்மண்ட் மஸ்கி. 1972-ல் ஜனநாயகக் கட்சியின் முன்னணி வேட்பாளர், நியூ ஹாம்ப்ஷயருக்குப் பக்கத்து மாநிலமான மெய்னின் செனட்டர். நியூ ஹாம்ப்ஷயரின் யூனியன் லீடர் பத்திரிகை, பிரெஞ்சு கனடிய வம்சத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல்லுக்கு மஸ்கி சிரித்தார் என்று ஒரு கடிதத்தை வெளியிட்டது. அவர் மனைவியைப் பற்றியும் மோசமாக எழுதியது. பிப்ரவரி 26, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பத்திரிகை அலுவலக வாசலிலேயே வண்டி மேல் நின்று மனைவிக்காகப் பேசினார், குரல் உடைந்தது. அழுதார் என்று நிருபர்கள் எழுதினார்கள், முகத்தில் இருந்தது உருகிய பனி என்றார் அவர்.

அந்த மாநில பிரைமரியில் 46 சதவீதம் வாங்கி முதலிடம்தான் வந்தார், ஜார்ஜ் மெக்கவர்னுக்கு 37. ஆனால் 50-ஐத் தாண்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்ததால் அது தோல்வியாகவே பேசப்பட்டது, அதன் பிறகு அவரால் எழ முடியவில்லை. அந்தக் கடிதம் போலி, அப்போதைய அதிபர் நிக்சன் தரப்பின் நாசவேலைகளில் ஒன்று என்று அதே வருடம் அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அதற்குள் மெக்கவர்ன் வேட்பாளராகி மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது.

இதே நியூ ஹாம்ப்ஷயரில் 2008-ல் ஹிலாரி கிளின்டன் ஓட்டுக்கு முந்தின நாள் ஒரு காபி கடையில் கண் கலங்கினார், மறுநாள் ஜெயித்தார். கல் நெஞ்சுக்காரர் என்று பேர் வாங்கியிருந்தவர் அவர், கண்ணீர் அந்தப் பேரைக் கொஞ்சம் கரைத்தது. மஸ்கி பேர் வாங்கியிருந்தது நிதானத்துக்கு.

சாப்பாட்டுச் சறுக்கல்கள்கூட ஓட்டைப் பாதிக்குமா?

1976 ஏப்ரலில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தமாலேயைச் சோளத்தோலோடு கடித்தார். நம் ஓலைக் கொழுக்கட்டையை ஓலையோடு கடித்தது போல. மே 1 அன்று டெக்சாஸ் பிரைமரியில் ரீகன் அவரை முழுசாகத் தோற்கடித்தார். இரண்டையும் முடிச்சுப் போடுவது சுவையான கதை, ஆனால் டெக்சாஸ் பழமைவாதிகள் ஏற்கெனவே ரீகன் பக்கம்தான் இருந்தார்கள்.

ஒபாமா, பைடன் எல்லாம் சறுக்கவில்லையா?

நன்றாகவே சறுக்கினார்கள். 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டத்தில் ஒபாமா, வேலை போன சிற்றூர் மக்கள் கசந்து போய் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார், பேச்சு வெளியே வந்துவிட்டது. ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியாவில் ஏறக்குறைய 9 புள்ளி வித்தியாசத்தில் ஹிலாரியிடம் தோற்றார். ஆனால் ஜனநாயகக் கட்சி ஓட்டு விகிதப்படிதான் பிரதிநிதிகளைப் பங்கிடும். ஹிலாரிக்கு 85, ஒபாமாவுக்கு 73. வெறும் 12 பேர் வித்தியாசத்தால் அவருடைய முன்னிலையைத் தொடவே முடியவில்லை. குடியரசுக் கட்சியின் தென் கரோலினா விதி போல் இருந்திருந்தால் அந்த ஒரு பேச்சின் விலை வேறு.

பைடன் 1987-ல் பிரிட்டிஷ் தலைவர் நீல் கினாக்கின் குடும்பக் கதையைப் பெயர் சொல்லாமல் தன் கதை போலப் பேசி மாட்டி, செப்டம்பர் 23-ல் விலகினார். 2019-ல் அயோவாவில், ஏழைப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளைப் போலவே புத்திசாலிகள் என்று வாய் தவறினார், இப்படி இன்னும் சில. அப்போது அவர் வாய் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரிந்து பழகியிருந்தது. 2020-ல் அயோவாவில் நாலாமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம், பிறகு தென் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்னின் ஆதரவோடு அந்த மாநிலத்தில் பெரிய வெற்றி. கறுப்பின வாக்காளர்களோடு பல வருடமாக இருந்த பிணைப்பை ஒரு வாக்கியம் அறுத்துவிடவில்லை.

கமலா ஹாரிஸ் 2019-ல் ஏன் அவ்வளவு சீக்கிரம் விலகினார்?

அவருடைய அம்மா சியாமளா சென்னையில் பிறந்தவர் என்பதால் இந்தக் கேள்வி தமிழர்களிடம் நிறைய வருகிறது. 2019 ஜூன் 27 மயாமி விவாதத்தில், தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழிப்பீர்களா என்று கேட்டபோது கை தூக்கினார். மறுநாள், கேள்வியைத் தன் சொந்தக் காப்பீட்டைப் பற்றியதாகப் புரிந்துகொண்டேன் என்றார். ஜனவரியிலும் இதே விஷயத்தில் அவர் நிலைப்பாடு மாறியிருந்தது. அன்றைய விவாதத்தில் பைடனை மடக்கியதால் கருத்துக்கணிப்பில் ஏறினார், அதனால் கை தூக்கியது அந்த வாரம் காயமாகத் தெரியவில்லை. ஆனால் இவர் எதில் உறுதியாக நிற்கிறார் என்ற சந்தேகம் மெல்ல மெல்ல வளர்ந்தது, பணமும் வற்றியது, டிசம்பர் 3-ல் ஒரு ஓட்டும் விழும் முன்பே விலகினார். சத்தமில்லாத சறுக்கல் இப்படித்தான் வேலை செய்யும்.

சறுக்கிய பிறகு என்ன செய்வது நல்லது?

ஒரே நாளில் ஒரே பதிலைச் சொல்லி முடிப்பது. ஜெப் புஷ் 2015 மே மாதம், இன்று தெரிவதெல்லாம் தெரிந்திருந்தால் இராக்குக்குப் படை அனுப்பியிருப்பீர்களா என்ற கேள்விக்கு முதலில் ஆமாம் என்றார், பிறகு கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றார், பிறகு ஊகக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றார், கடைசியில் அனுப்பியிருக்க மாட்டேன் என்றார். அண்ணன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தொடங்கிய போர் பற்றி இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு நாள் செய்தி அந்த வாரம் முழுக்க ஓடியது.

சறுக்கியவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

பலர் நன்றாகவே இருந்தார்கள். டீன் 2005-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகி, கட்சி கைவிட்டிருந்த மாநிலங்களிலும் ஆட்களைப் போட்டு வேலை செய்தார். ரூபியோ 2025-ல் டிரம்பின் வெளியுறவு அமைச்சர் ஆனார். பைடன் அதிபரே ஆனார். பெர்ரியை 2017-ல் டிரம்ப் எரிசக்தித் துறைக்கே அமைச்சராக்கினார். ஜனவரி 19 அன்று செனட் குழு முன்னால் உட்கார்ந்து, அந்தத் துறை செய்யும் வேலைகளைத் தெரிந்துகொண்ட பிறகு அதை மூடச் சொன்னதற்காக வருந்துகிறேன் என்றார். 2012-ல் அவர் போட்டியிலிருந்து விலகியதும் அதே ஜனவரி 19-ல்தான்.